வெப்பக்குழாயும் வீண்வெப்ப மீட்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

மாலையில் விளக்கேற்றும்பொழுது சிறு விந்தையொன்று நம் கண்முன்னே நிகழ்கின்றது. அகலின் அடியிற் கிடக்கும் எண்ணெய் திரியின் வழியே ஏறிச் சுடரைச் சேர்கின்றது. அதனை ஏற்றுவார் எவருமிலர்; பொறியொன்றும் அங்கில்லை. பஞ்சின் இழைகளுக்கிடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளே அவ்வேலையைச் செய்கின்றன. அடுக்களையிலே இன்னொரு விந்தை. பிட்டு அவியும் பானையிலிருந்து எழும் ஆவி கையிற் பட்டால், அதே அளவு கொதிநீர் பட்டதினும் கடுமையாகச் சுடும். நீர் ஆவியாகும்பொழுது விழுங்கிய வெப்பத்தை, அவ்வாவி மீண்டும் நீராகும்பொழுது வெளிவிடுவதே அதன் காரணம். திரியின் ஏற்றமும் ஆவியின் சூடும் பண்டுதொட்டு மக்கள் அறிந்தவை. எனினும் இவ்விரண்டையும் ஒரு குழாயினுள் அடைத்து ஒன்றற்கொன்று துணையாக்கலாம் என்னும் எண்ணம் 1942ஆம் ஆண்டில் ஓர் ஆக்கவுரிமை விண்ணப்பத்தில் எழுதப்பட்டது. அஃது உலகின் கவனத்தைப் பெற மேலும் இருபத்தோராண்டு சென்றது. இத்தாமதத்தின் காரணம் யாது என்பதும், அக்குழாய் பின்னர் வீணாகும் வெப்பத்தை மீட்கும் கருவியாக எவ்வாறு வளர்ந்தது என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

யான் பௌதிகம் கற்பிப்பவனல்லன், வரலாறு கற்பிப்பவன். சென்ற ஆண்டு மாணவர் சிலர் பழுதுற்ற மடிக்கணினியொன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, அதனுள்ளே தட்டையாய் வளைந்து கிடந்த செப்புக்குழாயைச் சுட்டி, “இதற்குள்ளே என்ன ஓடுகிறது, சேர்?” என்று வினவினர். நாளைக்குச் சொல்கின்றேன் என்று தப்பினேன். அந்த நாளை வரச் சில மாதங்களாயின. தேடப்புகுந்தபொழுது எனக்கு அகப்பட்டது பெரும்பாலும் வரலாறாகவே இருந்தது.

முதலிற் குழாயின் இயல்பைக் காண்போம். இரு முனையும் அடைக்கப்பட்ட குழாயொன்று. அதனுள்ளிருந்த காற்று முற்றாக அகற்றப்பட்டிருக்கும். சிறிதளவு திரவம், பெரும்பாலும் தூய நீர், உள்ளே விடப்பட்டிருக்கும். உட்சுவரை ஒட்டி மெல்லிய கம்பிவலையோ, நுண்டுளைகளுடைய உலோகப்பொடிப் பூச்சோ, நுண்ணிய தவாளிப்புகளோ இருக்கும். இதுவே திரி. ஒரு முனையைச் சூடாக்கினால் அங்குள்ள நீர் ஆவியாகின்றது. காற்றில்லாமையால் அந்நீர் குறைந்த வெப்பநிலையிலேயே ஆவியாகும். ஆவி மற்றை முனைக்கு விரைந்து சென்று, அங்கு ஒடுங்கி நீராகித் தான் சுமந்துவந்த வெப்பத்தை விடுகின்றது. நீரைத் திரி உறிஞ்சி மீண்டும் சூடான முனைக்குக் கொண்டுவருகின்றது. ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடாக்க ஒரு கலோரி போதும். ஒரு கிராம் கொதிநீரை ஆவியாக்கவோ ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். ஆகவே மிகச் சிறிதளவு நீர் ஓடினாலும் மிகப் பெரிய வெப்பம் இடம்பெயர்கின்றது. ஒரே பருமனுள்ள திண்ணிய செப்புக்கோலிலும் இக்குழாய் பன்மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதன் இரகசியம் இதுவே. அசையும் உறுப்பு எதுவும் அதில் இல்லை. அதனை இயக்க மின்சாரமும் வேண்டியதில்லை.

இனி வீண்வெப்பத்தின் கதைக்கு வருவோம். அது குழாயின் கதையினும் பழையது. எரிபொருளின் வெப்பத்திற் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடுகின்றது என்பதைக் கைத்தொழிற் புரட்சியின் தொடக்ககாலப் பொறியியலாளர் நன்கறிவர். ஸ்கொத்லாந்து நாட்டுப் பாதிரியார் ரொபேர்ட் ஸ்ரேர்லிங் 1816இற் பெற்ற ஆக்கவுரிமையிலே, வெளியேறும் சூடான வாயுவின் வெப்பத்தைச் சேமித்துத் திரும்பக் கொடுக்கும் அமைப்பொன்றை விவரித்தார். 1845இல் எட்வேர்ட் கிரீன் என்னும் வேக்பீல்ட் நகரத்துத் தொழிலதிபர், கொதிகலனிலிருந்து வெளியேறும் புகையின் வழியிலே நீர்க்குழாய்களை நிரைப்படுத்தி, கொதிகலனுக்குள் செல்லும் நீரை முன்கூட்டியே சூடாக்கும் கருவிக்கு உரிமை பெற்றார். 1856இல் பிரீட்றிக் சீமென்ஸ் உலைகளுக்குச் செய்த ஏற்பாடு இன்னும் துணிவுடையது. வெளியேறும் எரிவாயுவினாற் செங்கல் அடுக்கொன்றைச் சூடாக்கி, பின்னர் ஓட்டத்தின் திசையை மாற்றி, உள்ளே வரும் காற்றை அதே அடுக்கின் ஊடாகச் செலுத்தினார். கண்ணாடித் தொழிலும் உருக்குத் தொழிலும் இதனாற் பெரும்பயன் பெற்றன.

ஆனால் இம்முயற்சிகளுக்கெல்லாம் எல்லை வகுத்தவர் பிரெஞ்சு நாட்டு இளைஞர் ஒருவர். சாடி கார்னோ தமது இருபத்தெட்டாம் வயதில், 1824இல், வெளியிட்ட சிறுநூலில், வெப்பத்தினின்றும் பெறக்கூடிய வேலை அதன் அளவை மட்டும் பொறுத்ததன்று, அது எவ்வெப்பநிலையிலிருந்து எவ்வெப்பநிலைக்கு இறங்குகின்றது என்பதையும் பொறுத்தது என்று காட்டினார். ஆயிரம் பாகையிலுள்ள வெப்பமும் நாற்பது பாகையிலுள்ள வெப்பமும் அளவில் ஒன்றாயினும் மதிப்பில் ஒன்றல்ல. வாசகர் இதனை நினைவில் இருத்துக. கட்டுரையின் பிற்பகுதியில் இது மீண்டும் வரும்.

குழாயின் வரலாறு ஒரு குடும்பத்திலே தொடங்குகின்றது. 1766இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் பகுதியிலுள்ள நியூபரிபோர்ட்டில் பிறந்த யேக்கப் பேர்க்கின்ஸ் பல கலைகளில் வல்லவர். உருக்குத் தகட்டிற் செதுக்கிப் பணத்தாள் அச்சிடும் முறையை வளர்த்தவர் அவர். 1819இல் இங்கிலாந்து சென்று அங்கேயே தங்கினார். அவர் வழிவந்த பேர்க்கின்ஸ் பேக்கன் நிறுவனமே 1840இல் உலகின் முதலாவது ஒட்டுத் தபால் முத்திரையை அச்சிட்டது. 1857இல் இலங்கையின் முதலாவது தபால் முத்திரையை, விக்ரோறியா மகாராணியின் தலையுருவுடன் ஆறு பென்ஸ் விலைக்கு வந்ததனை, அச்சிட்டதும் அந்நிறுவனமே. முத்திரை சேகரிப்போர்க்கு அறிமுகமான இப்பெயரை வெப்பவியல் நூல்களிலும் கண்டபொழுது எனக்குப் பெருவியப்பாயிருந்தது.

யேக்கப் பேர்க்கின்ஸ் 1834இல், ஆவியாகும் திரவமொன்றை அமுக்கி ஒடுக்கி மீண்டும் ஆவியாக்கிக் குளிரை உண்டாக்கும் எந்திரத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். இன்று நம் வீடுகளிலுள்ள குளிர்சாதனப் பெட்டிகளிற் பெரும்பாலானவை அந்நெறியிலேயே இயங்குகின்றன. அவருடைய மைந்தர் ஆஞ்சியர் மார்ச் பேர்க்கின்ஸ் 1831இல், அடைத்த குழாய்களில் உயரமுக்கச் சுடுநீரைச் சுற்றவிட்டுக் கட்டடங்களைச் சூடாக்கும் முறைக்கு உரிமை பெற்றார். பேரர் லோப்டஸ் பேர்க்கின்சும் இத்துறையிலேயே உழைத்தார். இக்குடும்பத்தார் கைகளில் உருவாகியதே ‘பேர்க்கின்ஸ் குழாய்’. தடித்த இரும்புக்குழாயொன்றினுள் சிறிது நீரை விட்டு இரு முனையையும் அடைத்து, சற்றே சாய்வாக வைத்து, தாழ்ந்த முனையை நெருப்பிலும் உயர்ந்த முனையைச் சூடாக்க வேண்டிய இடத்திலும் வைப்பதே அதன் அமைப்பு. ஆவி மேலே செல்லும். ஒடுங்கிய நீர் தன் பாரத்தால் கீழே வழியும். திரி அங்கில்லை.

இக்குழாய் பெரிதும் பயன்பட்ட இடம் பாண் சுடும் போறணை. பழைய போறணையிலே விறகை உள்ளேயே எரித்துத் தணலை அகற்றிய பின்னரே மாவை வைப்பர். பேர்க்கின்ஸ் போறணையிலோ நெருப்பு ஒருபுறம், பாண் மறுபுறம். இடையே நிரைநிரையாக இக்குழாய்கள். புகையும் சாம்பலும் பாணைத் தீண்டா. சூடு எங்கும் ஒருசீராகப் பரவும். போறணையை இடைவிடாது நடத்தலாம். பாண் சுடுதற்கு வேண்டிய 230 பாகை செல்சியசில் நீராவியின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 28 மடங்காகும் என்பதை எண்ணினால், அக்காலத்துக் கொல்லரின் கைத்திறன் புலப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டிலும் ஐரோப்பியப் பேக்கரிகளில் இவ்வகைப் போறணைகள் நெடுங்காலம் எரிந்தன. பேராசிரியர்கள் எழுதும் வெப்பவியல் வரலாற்றில் பாண்காரர் பெயர் வருவதில்லை. எனினும் ஒடுங்கும் ஆவியினால் வெப்பத்தைக் கடத்தும் அடைத்த குழாயை நாள்தோறும் கையாண்ட முதல் தொழிலாளருள் அவர்களும் அடங்குவர்.

நெருப்பை நகர்த்தாமல் வெப்பத்தை நகர்த்தும் இக்கருவியை வீண்வெப்ப மீட்சியோடு இணைத்தவர் அமெரிக்கரான எப். டபிள்யூ. கே என்பார். 1929இல் அவருக்கு வழங்கப்பட்ட ஆக்கவுரிமையில், செட்டை பொருத்திய பேர்க்கின்ஸ் குழாய்கள் பல நிரையாக நிறுத்தப்பட்டிருந்தன. குழாய்களின் கீழ்ப்பகுதி வெளியேறும் சூடான புகையின் வழியிலும், மேற்பகுதி உள்ளே வரும் புதுக்காற்றின் வழியிலும் இருக்கும். இரு வழிகளையும் ஒரு தகடு பிரிக்கும். புகையின் சூட்டுக்கேற்ப மெதனோல், நீர், இரசம் ஆகிய திரவங்களை அவர் குறிப்பிட்டார். இன்றைய தொழிற்சாலைகளிலுள்ள வெப்பக்குழாய் மீட்சிக் கருவியின் படத்தையும் அவர் வரைந்த படத்தையும் அருகருகே வைத்தால், இரண்டும் ஒன்றே என்று சொல்லத் தோன்றும். ஆயினும் எரிபொருள் மலிந்திருந்த காலம் அது. படம் படமாகவே நின்றது.

இதுகாறும் கண்ட குழாய்களுக்கு ஒரு குறையுண்டு. சூடாகும் முனை கீழேயும் குளிரும் முனை மேலேயும் இருந்தாலன்றி அவை இயங்கா. இக்குறையை நீக்கியவர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். எஸ். கோக்லர். அவர் நோக்கிய சிக்கல் குளிர்பெட்டியைப் பற்றியது. பெட்டியின் அடியிலே பனிக்கட்டித் தட்டு இருக்கின்றது; மேலேயுள்ள அறையின் வெப்பத்தைக் கீழே அதனிடம் கொண்டுசெல்ல வேண்டும். வெப்பம் மேலிருந்து கீழே வரவேண்டுமாயின், ஒடுங்கிய திரவம் கீழிருந்து மேலே ஏறவேண்டும். ஏற்றுவது யார்? திரி ஏற்றும் என்றார் கோக்லர். 1942இல் விண்ணப்பித்து 1944 யூன் மாதத்திற் பெற்ற ஆக்கவுரிமையில், இரும்புப்பொடியைச் சூட்டினால் இறுகச்செய்த நுண்டுளைத் திரியையும் அவர் விவரித்தார். வெப்பக்குழாயின் இலக்கணம் முழுவதும் அதில் உண்டு. அப்பெயர் ஒன்றே இல்லை.

அந்நிறுவனம் அதனைப் பயன்படுத்தவில்லை. அதன் காரணத்தைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. யேக்கப் பேர்க்கின்ஸ் 1834இல் வகுத்த நெறியில் இயங்கும் அமுக்கிக் குளிர்சாதனப் பெட்டிகள், அந்நிறுவனத்தின் ‘பிரிஜிடெயர்’ பெட்டிகள் உட்பட, அமெரிக்க வீடுகளுள் முன்னமே புகுந்துவிட்டன. பனிக்கட்டித் தட்டை நம்பியிருக்க வேண்டிய தேவை மறைந்துகொண்டிருந்தது. பேர்க்கின்ஸ் குடும்பத்தின் குழாயை முழுமையாக்கிய கோக்லரின் கருத்தை, அக்குடும்பத்தின் மற்றொரு கருத்தே ஓரங்கட்டியது என்பது வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று.

திரி மீண்டும் நினைவுக்கு வந்தது விண்வெளிப் பயணத்தினால். பூமியைச் சுற்றும் கலத்தினுள் எடையின்மையால் மேலென்றும் கீழென்றும் ஒன்றில்லை. பேர்க்கின்ஸ் குழாய் அங்கு செயலற்றது. 1962இல் ட்ரெபெத்தன் என்னும் ஆராய்ச்சியாளர், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையொன்றின் தலைப்பிலேயே, விண்வெளி ஆய்வில் மெழுகுவர்த்தித் திரிக்கு இடமுண்டு என்று குறிப்பாற் சொன்னார். மறு ஆண்டு, நியூ மெக்சிக்கோவிலுள்ள லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர், பரப்பிழுவிசையினால் திரவத்தைக் குளிர்முனையிலிருந்து சூடான முனைக்கு ஏற்றலாம் என்னும் எண்ணத்தை 1963 யூலை மாதம் தமது குறிப்பேட்டிற் பதிந்தார். விண்கலங்களிற் பயன்படவிருந்த அணுவுலைகளின் வெப்பத்தை நேரே மின்சாரமாக்கும் முயற்சியில் அவர் ஈடுபட்டிருந்தார். எனவே அவர் குழாய்களுட் புகுத்திய திரவம் நீரன்று, உருகிய சோடியம். பின்னர் இலிதியமும் வெள்ளியும். அவரும் கொட்டர், எரிக்சன் ஆகியோரும் 1964இல் வெளியிட்ட ஆய்வுரை அறிஞர் கவனத்தை ஈர்த்தது. ‘வெப்பக்குழாய்’ என்னும் பெயரைச் சூட்டியவர் குரோவரே. 1966இல் ஆக்கவுரிமையும் வழங்கப்பட்டது.

அப்படியாயின் வெப்பக்குழாயைக் கண்டுபிடித்தவர் யார்? குரோவர் என்றே பல நூல்கள் கூறும். கோக்லரின் உரிமைப்பத்திரம் 1944இலேயே அச்சாகி எவரும் படிக்கத்தக்கதாய் இருந்தது. ஆதலாற் கண்டுபிடிப்பின் புகழ் கோக்லருக்கே உரியது என்பது என் துணிபு. குரோவர் அதனை அறியாது தாமாகவே கண்டார் என்பது அவருடைய அறிவுக்குச் சான்று, முதன்மைக்குச் சான்றாகாது. ஆனால் குரோவர் குழுவினர் செய்த ஒரு பணியைக் கோக்லர் செய்யவில்லை. குழாய் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும், எங்கே தோற்கும் என்பதைக் கணக்கிட்டு அறியும் கோட்பாட்டைக் கொட்டர் 1965இல் வகுத்தார். திரி நீரை மீட்டுக் கொண்டுவரும் வேகத்தினும் கூடுதலாக வெப்பம் ஊட்டினால் சூடான முனை வறண்டுவிடும். ஆவியின் வேகம் மிகுந்தால் அது எதிரே வரும் நீரைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். இவ்வெல்லைகள் தெரிந்த பின்னரே பொறியியலாளர் அச்சமின்றிக் குழாயைக் கையிலெடுத்தனர். முதன்மை ஒருவரிடமும், அதனைப் பயன்படுபொருளாக்கிய அறிவு இன்னொருவரிடமும் இருத்தல் புதுமையன்று.

1967 ஏப்பிரிலில் நீரடைத்த துருவேறா உருக்குக் குழாயொன்று விண்ணுக்கு ஏவப்பட்டு, எடையற்ற நிலையிலும் அது இயங்குவது உறுதியாயிற்று. 1968இல் ஏவப்பட்ட ஜியோஸ் இரண்டாம் செய்மதியில் வெப்பக்குழாய்கள் உண்மையான பணிக்கே அமர்த்தப்பட்டன. சோவியத் நாட்டில் உரால் பல்தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த கெராசிமோவும் மைதானிக்கும் 1972இல் ஆவிக்கும் திரவத்துக்கும் தனித்தனி வழியமைத்த வளையக் குழாயைச் செய்தனர். பூமியிலோ மிகப் பெருந்தொகையான குழாய்கள் நாட்டப்பட்ட இடம் அலாஸ்கா. 1977இல் முற்றுப்பெற்ற எண்ணெய்க் குழாய்வழி ஏறத்தாழ 1,290 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் தூண்கள் ஊன்றிய உறைநிலம் இளகிவிடாதவாறு ஏறத்தாழ 1,24,000 அமோனியாக் குழாய்கள் மாரிக்காலக் குளிரை நிலத்துள் இறக்கிக்கொண்டிருக்கின்றன. அதாவது நிலத்தின் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. கோடையிற் காற்று நிலத்தினும் சூடாகும்பொழுது, குழாய் தானாகவே ஓய்ந்துவிடும். நாட்டைக் காக்கும் இவ்வேலையாளுக்குச் சம்பளமுமில்லை, மேற்பார்வையாளனுமில்லை.

வெப்பக்குழாய் பற்றிய முதலாவது சர்வதேச மாநாடு 1973 ஒக்டோபரில் மேற்கு ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரிற் கூடியது. அதே மாதத்தில் மத்திய கிழக்கில் மூண்ட போரைத் தொடர்ந்து அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலைக் குறைத்தன. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அறிஞர் கூடியதற்கும் போருக்கும் யாதொரு தொடர்புமில்லை. ஆயினும் எண்ணெய் தட்டுப்பட்டால் ஒரு நாடு எவ்வாறு ஸ்தம்பிக்கும் என்பதை 2022இல் எரிபொருள் நிலையங்களின் முன்னே வரிசையில் நின்று கற்ற நமக்கு, அவ்வாண்டிற்குப் பின் மேலைநாட்டுத் தொழிற்சாலைகள் தம் புகைபோக்கிகளை ஏன் வேறு கண்கொண்டு நோக்கின என்பதை எவரும் விளக்கவேண்டியதில்லை. 1929இல் உறங்கப்போன படம் விழித்துக்கொண்டது.

எழுபதுகளில் விற்பனைக்கு வந்த வெப்பக்குழாய் மீட்சிக் கருவிகளின் சிறப்பு அவற்றின் எளிமையில் உள்ளது. வெளியேறும் அழுக்குக் காற்றும் உள்ளே வரும் தூய காற்றும் ஒன்றோடொன்று கலவா. ஆதலால் மருத்துவமனைக்கும் உணவுத் தொழிற்சாலைக்கும் அவை ஏற்றவை. ஒவ்வொரு குழாயும் தனித்தனியே அடைக்கப்பட்டிருத்தலால், ஒன்று பழுதானாலும் ஏனையவை இயங்கும். இடர்களும் இல்லாமலில்லை. கந்தகமுள்ள எரிபொருளின் புகையை ஏறத்தாழ 120 முதல் 150 பாகைக்குக் கீழே குளிரவிட்டால், கந்தகவமிலம் பனித்து உலோகத்தை அரிக்கும். மீட்பதில் பேராசை கூடாது என்று இயற்கையே எச்சரிப்பதுபோலும். மற்றோர் இடர் குழாயினுள்ளேயே தோன்றும். செம்பும் நீரும் நெடுங்காலம் ஒத்திருக்கும். இரும்பும் நீரும் சேர்ந்தாலோ மெல்ல மெல்ல ஐதரசன் வாயு உண்டாகும். ஒடுங்காத அவ்வாயு குளிர்முனையிற் போய்த் தேங்கி ஆவியின் வழியை அடைத்துவிடும். செம்பு விலையுயர்ந்தது, இரும்பு மலிந்தது. ஆகையால் உட்சுவரைப் பக்குவப்படுத்தியும் நீரில் அரிப்பைத் தடுக்கும் பொருள்களைச் சேர்த்தும் இரும்புக்குழாயையே பயன்படுத்தும் வழியைச் சீன நாட்டுப் பொறியியலாளர் பேரளவிற் கையாண்டனர்.

இதுவரை கண்டது பெரியவற்றின் கதை. இனி வருவது மிகச் சிறியவற்றின் கதை. கணினிச் சில்லுகள் சுருங்கச் சுருங்க அவற்றினுட் பிறக்கும் வெப்பம் மிகச் சிறிய பரப்பிலே செறிந்தது. 1981இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்கர்மன், பீஸ் என்னும் இருவர் சிலிக்கன் தகட்டின் முதுகிலேயே 50 மைக்குரோமீற்றர் அகலமும் ஏறத்தாழ 300 மைக்குரோமீற்றர் ஆழமும் உள்ள கால்வாய்களைக் கீறி நீரைச் செலுத்தினர். சதுர சென்ரிமீற்றரொன்றுக்கு 790 உவாற்று வெப்பத்தை அவர்கள் அகற்றியபொழுது, தகட்டின் வெப்பநிலை உட்செல்லும் நீரினதிலும் 71 பாகையே உயர்ந்தது. மின்னழுத்தியொன்றின் அடித்தகடு முழுவதும் பரவும் வெப்பத்தை ஒரு விரல்நுனி அளவான இடத்திற் குவித்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப்பார்க்க. சீரான ஓட்டத்தில் கால்வாய் ஒடுங்க ஒடுங்கச் சுவருக்கும் நீருக்குமிடையே வெப்பம் எளிதிற் கடக்கும் என்பதே அவர்கள் கைக்கொண்ட உண்மை. அதற்கு விலையும் உண்டு: ஒடுங்கிய வழியில் நீரைத் தள்ளப் பேரமுக்கம் வேண்டும்.

தள்ளும் பொறியே வேண்டாத வழியொன்றை 1984இல் யப்பானின் சுகுபா நகரில் நடைபெற்ற ஐந்தாவது மாநாட்டிலே கொட்டர் முன்வைத்தார். முன்னர் குழாயின் கோட்பாட்டை வகுத்த அதே கொட்டர்தான். கால்வாய் மயிரளவுக்குச் சிறிதாகுமாயின் திரியே தேவையில்லை; முக்கோண வடிவான கால்வாயின் கூர்மூலைகளே திரவத்தைப் பற்றியிழுக்கும் என்றார். இந்நுண்குழாய்களைச் சிலிக்கன் தகட்டினுள்ளேயே அமைக்கும் ஆய்வுகள் தொடர்ந்தன. 1990இல் யப்பானியரான அகாச்சி, திரவத்துளிகளும் ஆவிக்குமிழிகளும் மாறிமாறி நின்று ஊசலாடும் நெளிகுழாய்க்கு ஆக்கவுரிமை பெற்றார். சந்தையை வென்றதோ இவற்றுட் பழையதாகிய செப்பும் நீரும் திரியும் கொண்ட சிறுகுழாய். தொண்ணூறுகளில் அது மடிக்கணினிகளுட் புகுந்தது. அதன் தட்டையான உறவாகிய ஆவியறை இன்று கைத்தொலைபேசிகளுள்ளும் இருக்கின்றது. என் மாணவரின் வினாவுக்குரிய விடையும் இதுவே.

இவ்விடத்தில் இரு கதைகளும் ஒன்றையொன்று நோக்காமலே சென்றன என்பதைக் கவனிக்க வேண்டும். உலைக்காரன் வெப்பத்தை மீட்க விரும்பினான்; கணினி செய்பவன் அதனைத் தொலைக்க விரும்பினான். கணினிக் கூடத்தின் வெப்பத்தை ஏன் மீட்கவில்லை என்று கேட்டால், கார்னோவின் விடை ஆயத்தமாயிருந்தது: வெப்பம் மிகுதி, வெப்பநிலையோ தாழ்வு. குளிர்காற்றை ஊதிச் சில்லைக் குளிர்வித்தால் வெளியேறுவது வெதுவெதுப்பான காற்றே. அதனை வாங்குவார் இலர்.

நுண்கால்வாய் இந்நிலையை மாற்றியது. சில்லு ஏறத்தாழ 85 பாகையைத் தாண்டலாகாது. சில்லுக்கும் நீருக்குமிடையே பெருந்தடை இருந்தால், நீர் மிகக் குளிர்ந்திருக்க வேண்டும். தடை மிகச் சிறிதாயின், நீர் சூடாகவே உள்ளே வரலாம். அப்பொழுதும் சில்லு காக்கப்படும். 2010இல் ஐ. பி. எம். நிறுவனமும் சூரிச் நகரத்துக் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியும் இணைந்து நிறுவிய ‘அக்குவாசார்’ என்னும் கணினியில் ஏறத்தாழ 60 பாகைச் சுடுநீரே குளிர்விக்கும் நீராக உட்சென்றது. சுடுநீராற் குளிர்வித்தல் என்பது கேட்போர்க்கு முரணாகத் தோன்றலாம். இன்னுஞ் சில பாகை சூடேறி வெளிவந்த அந்நீர் கல்லூரிக் கட்டடங்களைச் சூடாக்கச் சென்றது. 2012இல் மியூனிக் நகருக்கு அண்மையில் கார்சிங்கில் அமைந்த ‘சூப்பர்மியூக்’ கணினியும் இவ்வழியைப் பின்பற்றியது. நுண்ணளவிலே வெப்பத்தடையைக் குறைத்தமையாற் பேரளவிலே வெப்பத்தின் மதிப்பு உயர்ந்தது. வெப்பத்தை அகற்றும் கலையும் மீட்கும் கலையும் ஒன்றே என்பது, கார்னோ எழுதி நூற்றெண்பத்தாறு ஆண்டுகளின் பின்னரே இங்ஙனம் செயலில் விளங்கிற்று.

இதனாற் கணினிக்கூடங்களெல்லாம் மின்னாலைகளாகிவிடும் என்று மயங்குதல் தகாது. 65 பாகை நீருக்கும் 30 பாகைச் சூழலுக்கும் இடையே குறையற்ற எந்திரமொன்றை இயக்கினாலும், வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே வேலையாகும் என்பது கார்னோவின் கணக்கு. நடைமுறையில் அதனிலும் குறைவே. சூரிச்சிலும் மியூனிக்கிலும் அந்நீர் பயன்பட்டது அங்கே மாரிக்காலக் குளிர் உண்டென்பதாலேயே. வீடுகளைச் சூடாக்கவேண்டாத நாட்டினருக்கு அதே ஏற்பாட்டைப் படியெடுத்துத் தருவதால் விளையும் நன்மை சிறிது.

வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்குப் பொருந்தும் வெப்ப மீட்சி வேறொன்று உண்டு. குளிரூட்டிய கட்டடங்களில் காற்றின் ஈரத்தை அகற்ற, அதனை வேண்டியதிலும் கூடுதலாகக் குளிர்விப்பர். ஈரம் நீராக வடிந்தபின், மிகக் குளிர்ந்த அக்காற்றை அறைக்கு ஏற்றவாறு மறுபடியும் சூடாக்குவர். குளிர்விக்க ஒரு செலவு, சூடாக்க இன்னொரு செலவு. எண்பதுகளில் புளோரிடாவிலே தொழிலாகிய முறை, இலாட வடிவான வெப்பக்குழாய்களைக் குளிர்ச்சுருளைச் சுற்றி அணைத்தது. குழாயின் ஒரு கை சுருளுக்கு முன்னே வரும் வெப்பக்காற்றினின்றும் வெப்பத்தை எடுக்கும். மறு கை சுருளுக்குப் பின்னே குளிர்ந்து வரும் காற்றுக்கு அதே வெப்பத்தைக் கொடுக்கும். முன்னது சுருளின் சுமையைக் குறைக்கின்றது. பின்னது மறுசூடாக்கும் செலவைக் குறைக்கின்றது. காற்று செட்டைகளினூடே செல்லுதற்கு விசிறி சற்றுக் கூடுதலாக உழைக்க வேண்டும்; பெருஞ்செலவு அவ்வளவே. நூல் நிலையங்களும் பழஞ்சுவடிகளைக் காக்கும் கூடங்களும் ஈரத்துக்கு அஞ்சி வாழும் நம்மையொத்த நாடுகளில் இது பரவலாக அறியப்பட வேண்டியது. இவ்வகைக் குழாய்களுட் பலவற்றில் திரி இல்லை. ஒடுங்கிய திரவம் பேர்க்கின்ஸ் போறணையில் வழிந்ததுபோலத் தன் பாரத்தாலேயே கீழே வழிகின்றது.